மூக்குக்குத் தெரியாதது

கோயம்பேடு பக்கம் காற்று திரும்பி வீசும் நாட்களில், பேருந்தின் ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பவர்கள் எல்லோரும் ஒரே சமயத்தில் கைக்குட்டையைத் தேடுவார்கள். புடவைத் தலைப்பு, துப்பட்டா, சட்டைக் காலர். எதுவும் கைக்கு எட்டாதவர்களுக்கு உள்ளங்கை. அரை நிமிடம் மூச்சைப் பிடித்துக்கொண்டு கடந்துவிடுகிறோம். அதே நேரத்தில் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்துக்குள், அந்தத் தண்ணீருக்கு மேலேயே போட்ட நடைபாலத்தில், ஒருவர் எட்டு மணி நேர ஷிப்டில் நடந்துகொண்டிருக்கிறார். அவர் மூக்கைப் பொத்துவதில்லை. பொத்திக்கொண்டு எட்டு மணி நேரம் வேலை செய்ய முடியாது. அதோடு, கொஞ்ச நாள் போனால் மூக்கே அந்த வாடையைக் கணக்கில் எடுப்பதை விட்டுவிடும்.

ஊரில் இருக்கிறவர்களின் வயிற்றுக் கோளாறு அத்தனையும் வந்து சேர்கிற இடம் அது. அப்படியானால் அங்கே வேலை செய்கிறவர் வாரத்துக்கு ஒரு தடவையாவது படுத்துக்கொள்ள வேண்டாமா? அநேகமாக அப்படி நடப்பதில்லை. சரி, ஆபத்து இல்லை என்று விட்டுவிடலாமா என்றால், அதற்கும் வழியில்லை. இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிற உண்மையைக் கண்டுபிடிக்க விஞ்ஞானிகள் ஐம்பது வருடமாக மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

முதலில் நாற்றத்தை ஒதுக்கிவிடலாம். அழுகிய முட்டை வாடை ஹைட்ரஜன் சல்பைடு வாயுவினுடையது. மூடிய மேன்ஹோலுக்குள்ளும் செப்டிக் டேங்குக்குள்ளும் இறங்கியவர்களைக் கொல்வது இதுதான். ஆளை அப்படி இறக்கக் கூடாது என்று 2013-லேயே சட்டம் வந்த பிறகும் சாவுச் செய்தி வந்துகொண்டே இருக்கிறது. அந்த அக்கிரமத்தைப் பற்றித் தனியாகத்தான் எழுத வேண்டும். திறந்த வெளியில், சாலை வரை வந்து சேரும் அளவுக்கு, அது வெறும் எரிச்சல். நாம் பார்க்கப் போவது வாடையே இல்லாத ஒன்றை. வைரஸுக்கு மணம் கிடையாது. போலியோ வைரஸின் குறுக்களவு சுமார் 30 நானோமீட்டர். ஒரு மில்லிமீட்டர் நீளத்துக்குள் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டவற்றை வரிசையாக நிறுத்தலாம்.

இன்னொன்றையும் ஆரம்பத்திலேயே சொல்லிவிட வேண்டும். வைரஸ் சாக்கடையில் பெருகாது. பாக்டீரியாவுக்குச் சத்துள்ள தண்ணீர் கிடைத்தால் போதும், குட்டி போட ஆரம்பித்துவிடும். வைரஸுக்கு உயிருள்ள செல் வேண்டும். ஆகவே யாரோ ஒருவர் வீட்டுக் கழிப்பறையிலிருந்து கிளம்பிய வைரஸ்களின் எண்ணிக்கை, குழாய் வழியே நிலையத்துக்கு வந்து சேர்வதற்குள் குறையத்தான் செய்யும், அதிகமாகாது. எவ்வளவு வேகமாகக் குறையும் என்பது அது எந்தச் சட்டை போட்டிருக்கிறது என்பதைப் பொறுத்தது.

வைரஸ்களில் ஒரு சாதிக்கு வெளியே கொழுப்பாலான உறை உண்டு. கொரோனா, இன்ஃப்ளூயன்சா எல்லாம் இந்த ரகம். நாம் குடியிருந்த வீட்டின் திரைச்சீலையைக் கிழித்துப் போர்த்திக்கொண்டு கிளம்புவதைப்போல, நம் செல்லின் சவ்வையே கொஞ்சம் சுற்றிக்கொண்டு வெளியே வருகின்றன. அந்த உறை போனால் வைரஸும் போயிற்று. சோப்பு பட்டால் கரைந்துவிடும். இன்னொரு சாதிக்கு உறையே கிடையாது. கொட்டைப் பாக்குபோல இறுகிய புரத ஓடு மட்டும்தான். போலியோ, வயிற்றுப்போக்கு தரும் நோரோ, ரோட்டா, அடினோ எல்லாம் இவை.

சாக்கடையில் அதிகமாக உயிரோடு திரிகிறவை இந்த இரண்டாவது சாதிதான். அது தற்செயல் அல்ல. குடல் வழியாகப் பரவ வேண்டிய வைரஸ் முதலில் வயிற்று அமிலத்தைத் தாண்ட வேண்டும், பிறகு பித்தநீரைத் தாண்ட வேண்டும். பித்தநீரே ஒரு சோப்புதான். நாம் தின்ற எண்ணெயைக் கரைப்பது அதன் வேலை. அந்தப் பரீட்சையில் தேறியதுதான் மலத்தோடு வெளியே வருகிறது. வீட்டுச் சோப்புத் தண்ணீரும் ஃபினாயிலும் கலந்த சாக்கடை அதற்குப் புதிய சோதனை இல்லை.

2020-ல் ஒரு பீதி கிளம்பியது ஞாபகம் இருக்கலாம். நெதர்லாந்தில் சாக்கடை நீரில் கொரோனா வைரஸின் தடயம் கிடைத்தது. பின்னாலேயே அகமதாபாத், ஹைதராபாத் என்று இங்கேயும் கிடைத்தது. அப்படியானால் நிலையத்தில் வேலை செய்கிறவர்களின் கதி? இங்கேதான் சோதனை என்ன சொல்கிறது, என்ன சொல்லவில்லை என்று பார்க்க வேண்டியிருக்கிறது. பிசிஆர் சோதனை வைரஸைத் தேடுவதில்லை. வைரஸின் மரபுப்பொருளில் ஒரு சின்னத் துண்டைத் தேடுகிறது. வேர்க்கடலையை வறுத்துவிட்டால் முளைக்காது. ஆனால் பார்க்கிற யாரும் அதை வேர்க்கடலை என்றுதான் சொல்வார்கள். பச்சையா வறுத்ததா என்று தெரிய வேண்டுமானால் மண்ணில் போட்டுப் பார்க்க வேண்டும். வைரஸுக்கு மண் என்பது ஆய்வகத்தில் வளர்க்கப்படும் செல்கள். சாக்கடையிலிருந்து எடுத்த கொரோனாவை அந்தச் செல்களில் முளைக்கவைக்க முயன்றவர்களுக்கு அநேகமாக வெறுங்கைதான். ஊரில் நோய் எவ்வளவு பரவியிருக்கிறது என்று கணக்குப் போட வறுத்த கடலை போதும். தொழிலாளிக்குத் தொற்ற, பச்சைக்கடலை வேண்டும்.

இப்படி நிம்மதியாகச் சொல்லிவிட்டுப் போக முடியாதபடி ஒரு சம்பவம் குறுக்கே நிற்கிறது. 2003-ல் ஹாங்காங்கில் அமாய் கார்டன்ஸ் என்ற அடுக்குமாடிக் குடியிருப்பில் முந்நூறுக்கும் மேற்பட்டவர்களுக்கு சார்ஸ் தொற்றியது. சார்ஸும் உறை போட்ட வைரஸ்தான். நோயாளி ஒருவருக்கு வயிற்றுப்போக்கு இருந்தது. குளியலறைத் தரையின் வடிகாலில், நாற்றம் ஏறாமல் இருக்கத் தண்ணீர் நிற்கும் வளைகுழாய் உண்டல்லவா, அது பல வீடுகளில் காய்ந்து கிடந்தது. சுவர் மின்விசிறியைப் போட்டதும் சாக்கடைக் குழாயின் காற்று வீட்டுக்குள் இழுக்கப்பட்டது. உறை போட்ட வைரஸும், புதிதாக, ஏராளமாக, நுண்ணிய திவலையாக மூச்சில் ஏறினால் தொற்றும் என்பதை அது காட்டியது. பல கிலோமீட்டர் குழாயில் ஊறி, நிறையத் தண்ணீரில் கலந்து, திறந்த தொட்டிக்கு வந்து சேருவது வேறு விஷயம். ஆனாலும் ‘உறை உள்ளது, ஆகவே பயமில்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட யாரும் துணிய மாட்டார்கள்.

திவலை என்று வந்துவிட்டது. தொட்டியில் கிடக்கும் வைரஸ் ஆளின் மூச்சுக்கு எப்படி ஏறுகிறது? கோலி சோடாவை உடைத்ததும் முகத்தைக் கிட்டே கொண்டுபோனவர்களுக்குத் தெரியும்: மூக்கு நுனியில் ஊசி ஊசியாகக் குத்தும். குமிழி மேலே வந்து வெடிக்கும்போது அதன் தோல் கிழிந்து பொடித் துளிகளாகச் சிதறுகிறது. அடியில் உண்டான பள்ளத்திலிருந்து ஒரு சிறு தாரை எம்பித் துளிகளைத் தூக்கி எறிகிறது. அதில் பெரியவை பக்கத்திலேயே விழுந்துவிடும். மிக நுண்ணியவை காற்றில் மிதக்கும். சுத்திகரிப்பு நிலையத்தின் நடுநாயகமான ஏரேஷன் டேங்க், சாராம்சத்தில், நாள் முழுக்க உடைந்துகொண்டே இருக்கும் ஒரு பிரம்மாண்டமான சோடா. கழிவைத் தின்னும் பாக்டீரியாவுக்கு மூச்சு வேண்டும் என்பதற்காகக் காற்றைக் கலக்கிக்கொண்டே இருக்கிறார்கள். மேற்பரப்பில் பெரிய விசிறிபோலச் சுழன்று தண்ணீரை வாரி அடிக்கும் பழைய ரகம் நிறையத் திவலையைக் கிளப்பும். அடியிலிருந்து பொடிக் குமிழியாக விடும் டிஃப்யூசர் ரகம் குறைவாகக் கிளப்பும். கரண்டு செலவைக் குறைப்பதற்காகத்தான் டிஃப்யூசருக்கு மாறுகிறார்கள். தொழிலாளியின் நுரையீரலுக்கு அதில் கிடைப்பது கொசுறு.

சுவிட்சர்லாந்தில் முப்பத்தொரு நிலையங்களில் காற்றை உறிஞ்சிச் சோதித்து 2014-ல் வெளியிட்டார்கள். அடினோ வைரஸின் தடயம் ஏறத்தாழ எல்லா மாதிரிகளிலும் இருந்தது. நோரோ வைரஸ் 123 மாதிரிகளில் மூன்றில் மட்டும். மஞ்சள் காமாலை தரும் ஹெபடைடிஸ் ஈ ஒன்றில்கூட இல்லை. இங்கேயும் கடலைக் கதையை மறக்கக் கூடாது, கண்டது மரபுப்பொருளைத்தான். ஆனால் காற்றுவழி என்பது கற்பனை இல்லை என்பது இதில் உறுதியாயிற்று.

அப்படியும், என்னைக் கேட்டால், மூச்சைவிட முக்கியமான வழி வேறு. அதுதான் கை. நோரோ வைரஸை எடுத்துக்கொள்ளுங்கள். தன்னார்வலர்களுக்குக் கொடுத்துப் பார்த்த சோதனைகளிலிருந்து போட்ட கணக்குப்படி, இருபதுக்கும் குறைவான துகள்களே பாதிப் பேருக்குத் தொற்றப் போதுமானதாக இருக்கலாம். நோய்ப்பட்டவரின் ஒரு கிராம் மலத்தில் அவை நூறு கோடிக் கணக்கில் இருக்கும். தொற்றுவதற்குத் தேவையான குறைந்தபட்ச எண்ணிக்கையைத் தொற்றளவு என்று சொல்லலாம். அது இவ்வளவு சின்னதாக இருக்கும்போது, தண்ணீரில் ஆயிரம் மடங்கு கலந்து கரைந்தாலும் கண்ணுக்குத் தெரியாத ஒரு சொட்டு போதும். குப்பையைத் தடுக்கும் கம்பித் தடுப்பான ஸ்கிரீனில் அடைத்துக்கொண்ட துணியையும் பிளாஸ்டிக்கையும் தொழிலாளி வாரியாலே இழுத்துப் போடுகிறார். கையுறை இருக்கிறது. நெற்றி வியர்வையை அந்தக் கையுறையாலேயே துடைக்கிறார். செல்போன் அடிக்கிறது, கையுறையைக் கழற்றாமல் எடுத்துப் பேசுகிறார். கையுறையைக் கழற்றியபின் அதே போனை வெறுங்கையால் எடுக்கிறார். டீ வருகிறது, பீடி பற்றுகிறது. தொட்டியிலிருந்து வாய் வரை வைரஸ் நாலு வண்டி மாறி வந்துவிட்டது. ஓர் இடத்தில்கூடப் பறக்கவில்லை.

இதெல்லாம் நடக்கக்கூடியது என்றால், நடக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? நோயாளியை எண்ணிப் பார்த்தால் போதாதா? போதாது. 1976-ல் சுவீடனைச் சேர்ந்த ரைலாண்டர் ஒரு விஷயத்தைக் கவனித்தார். காய்ந்த கசட்டுத் தூசியில் வேலை செய்தவர்களுக்குக் காய்ச்சல், குளிர், வயிற்றுப்போக்கு, கண் எரிச்சல். இது எந்த வைரஸும் இல்லாமலே வரக்கூடியது. செத்த பாக்டீரியாவின் ஓட்டில் இருக்கும் நச்சு மூச்சில் ஏறுவதே காரணம் என்றார். ஆகவே வயிறு கெட்டுப்போன தொழிலாளியைக் காட்டி ‘வைரஸ்’ என்று விரல் நீட்ட முடியாது. மறுபக்கம், வைரஸ் தொற்றியும் ஒரு தும்மல்கூட இல்லாமல் போகிறவர்கள் ஏராளம்.

அதனால் ஆய்வாளர்கள் ரத்தத்தைப் பார்க்கிறார்கள். ஒரு வைரஸ் வந்துபோனால் அதற்கென்று உடம்பு தயாரித்த எதிர்ப்பொருள் ரத்தத்தில் வருடக்கணக்கில் மிச்சமிருக்கும். ஓட்டுப் போட்டவர் விரலில் வைக்கும் மைபோல. மை இருந்தால் ஓட்டுப் போட்டார் என்று தெரியும். எந்த வாக்குச்சாவடியில் என்று மை சொல்லாது. வைரஸ் வேலையிடத்தில் தொற்றியதா, வீட்டுக் குடிதண்ணீரிலா, தெருவோரத் தண்ணிப் பந்தலிலா? இதைப் பிரித்தறிய ஒரே வழி, அதே ஊரில் அதே மாதிரி வாழ்ந்து சாக்கடை வேலை மட்டும் செய்யாதவர்களின் விரலையும் பார்ப்பது.

அதிலும் ஒரு வழுக்கல் உண்டு. அமெரிக்காவில் சின்சினாட்டி பல்கலைக்கழகத்தார் 1970-களில் கழிவுநீர்த் தொழிலாளர்களை வருடக்கணக்கில் தொடர்ந்து பார்த்தார்கள். புதிதாகச் சேர்ந்தவர்களுக்குத்தான் வயிற்றுக் கோளாறு கூடுதல், பழையவர்களுக்குக் குறைவு. சின்னச் சின்னத் தொற்றுகள் வந்துவந்து பழையவர்களுக்கு எதிர்ப்பு ஏறியிருக்கலாம். அல்லது ஒத்துக்கொள்ளாதவர்கள் முதல் வருடத்திலேயே வேலையை விட்டுப் போயிருக்கலாம். கல்யாணப் போட்டோவில் கோபித்துக்கொண்டு போன மாமா இருக்க மாட்டார். போட்டோவை மட்டும் பார்த்தால் சண்டையே நடக்காத கல்யாணம் மாதிரித் தெரியும். எஞ்சியவர்களை மட்டும் எண்ணுவதால் வரும் இந்த மயக்கம், தொழில்நோய் ஆராய்ச்சி எல்லாவற்றையும் துரத்திக்கொண்டிருக்கிறது.

ஹெபடைடிஸ் ஏ வைரஸைப் பற்றி மேற்கு நாடுகளில் பல ஆய்வுகள் உண்டு. அவற்றையெல்லாம் தொகுத்துப் பார்த்தபோது, சுத்திகரிப்பு நிலையத்தாருக்கு மஞ்சள் காமாலையாகவே வெளிப்படும் நோய் கூடுதலாக வருகிறது என்று நிரூபணமாகவில்லை. இந்தியாவில் அதே கேள்வியைக் கேட்பதே வீண். நம் ஊரில் இன்றைய நடுவயதுக்காரர்களில் பெரும்பாலோர் குழந்தைப் பருவத்திலேயே அந்த வைரஸைச் சந்தித்துவிட்டவர்கள். நூறு சதவீத வாக்குப்பதிவு நடந்த கிராமத்தில் மை தேடி என்ன பயன்?

ஹெபடைடிஸ் ஈ அப்படி இல்லை. இந்த வைரஸின் வரலாறே ஒரு சாக்கடையில்தான் தொடங்குகிறது. 1955 கடைசியில் யமுனையில் வெள்ளம் வடிந்தபோது ஆறு தன் போக்கை மாற்றிக்கொண்டது. நஜஃப்கர் சாக்கடையின் நீர், டில்லிக்குக் குடிநீர் எடுக்கும் வஜீராபாத் நிலையத்தின் பக்கம் எதிர்த்து ஏறியது. நிலையத்தார் குளோரினைக் கூட்டினார்கள். பாக்டீரியா செத்தது, டைபாய்டு அதிகரிக்கவில்லை. ஆனால் சில வாரங்கள் கழித்து ஏறத்தாழ 29,000 பேருக்குக் காமாலை. அன்று ஹெபடைடிஸ் ஏ என்றே நினைத்தார்கள். பத்திரமாக வைத்திருந்த ரத்த மாதிரிகளைக் கால் நூற்றாண்டு கழித்துச் சோதித்தபோது ஏ-யும் இல்லை, பி-யும் இல்லை என்று தெரிந்தது. 1983-ல் ரஷ்ய விஞ்ஞானி மிகயில் பாலயான், ஆப்கானிஸ்தானில் காமாலை கண்ட சோவியத் சிப்பாய்களின் மலச்சாற்றைத் தானே குடித்தார். காமாலை வந்தது. தன் மலத்தையே எலக்ட்ரான் நுண்ணோக்கியில் வைத்து வைரஸைப் பார்த்தார். (இன்று எந்த நெறிமுறைக் குழுவும் இதை அனுமதிக்காது, அனுமதிக்கவும் கூடாது.)

இந்த வைரஸைப் புனேயில் கழிவுநீர்த் தொழிலாளர்களிடம் தேடியவர்கள் 2003-ல் முடிவை வெளியிட்டார்கள். தொழிலாளர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களின் ரத்தத்தில் அந்த மை இருந்தது. அந்த வேலை செய்யாத ஒப்பீட்டுக் குழுவில் ஐந்தில் ஒருவருக்கும் குறைவு. ஆறு வருடம் கழித்து சுவிட்சர்லாந்தின் சூரிச்சிலிருந்து இதே கேள்விக்கு வந்த பதில் நேர் எதிர்: கழிவுநீர்த் தொழிலாளிக்கும் மற்றவருக்கும் வித்தியாசம் இல்லை.

எது சரி? இரண்டுமே. இங்கே பரவும் ரகம் மனிதரிடமிருந்து தண்ணீர் வழியே மனிதருக்குப் போவது; ஐரோப்பாவில் காணப்படுவது பெரும்பாலும் பன்றிகளிடம் குடியிருந்து இறைச்சி வழியே வருவது. ஆகவே புனேயின் சாக்கடை சுமப்பதை சூரிச்சின் சாக்கடை சுமப்பதில்லை. அதற்கு மேல், சூரிச் ஆய்வாளர்களே ஒரு கண்டிஷன் போட்டிருந்தார்கள்: பயிற்சி பெற்ற, பாதுகாப்புக் கருவி அணிந்த தொழிலாளிக்கு, நல்ல சுகாதாரம் உள்ள பகுதியில்தான் இந்த முடிவு பொருந்தும். வெளிநாட்டு ஆய்வின் கடைசி வரியைப் படிக்காமல் ‘ஆபத்து இல்லை என்று நிரூபணம்’ என்று கோப்பில் எழுதுகிறவர்கள் இந்தக் கண்டிஷனை எங்கேயோ தொலைத்துவிடுகிறார்கள்.

தடுப்பூசியைப் பொறுத்தவரை, ஜெர்மனியில் கழிவுநீர்த் தொழிலாளர்களுக்கு ஹெபடைடிஸ் ஏ ஊசி பரிந்துரைக்கப்படுகிறது. அமெரிக்கா, இந்தத் தொழில் என்பதற்காக மட்டும் அதைச் சொல்வதில்லை. ஒரே சான்றைப் பார்த்து இரண்டு தீர்ப்பு. நமக்கு இதில் ஒரு புதுத் திருப்பம் வந்துகொண்டிருக்கிறது. குடிதண்ணீர் சுத்தமாகச் சுத்தமாக, குழந்தைகள் இந்த வைரஸைச் சந்திக்காமலே வளர்கிறார்கள். நல்லதுதான். ஆனால் குழந்தையில் வந்தால் பெரும்பாலும் தெரியாமல் போகும் நோய், பெரியவரானபின் வந்தால் படுக்கையில் தள்ளும். கேரளத்தில் சமீப வருடங்களில் வளர்ந்தவர்களுக்கு இந்தக் காமாலை கொத்தாக வருவதன் பின்னணி இதுதான். அப்பா முப்பது வருடம் இதே வேலை பார்த்தும் ஒன்றும் ஆகவில்லை என்பது, டிப்ளமா முடித்து இன்று ஆப்பரேட்டராகச் சேரும் மகனுக்குப் பொருந்தாமல் போகலாம். சேரும்போதே ரத்தத்தில் எதிர்ப்பொருள் இருக்கிறதா என்று பார்த்து, இல்லாதவர்களுக்கு ஊசி போட்டுவிடலாம்; பெரிய செலவில்லை. ஹெபடைடிஸ் ஈ-க்கு 2011-ல் சீனாவில் ஒரு தடுப்பூசிக்கு அனுமதி கிடைத்தது. இங்கே அதைச் சுலபமாக வாங்க முடியாது. ஹெபடைடிஸ் பி மலத்தில் பரவுவதில்லை. ஆனால் ஸ்கிரீனில் சிக்கும் குப்பையில் ஊசியும் சிரிஞ்சும் கிடக்கும் ஊரில், அதற்கான தடுப்பூசியும் வேண்டும்.

சுத்திகரித்த பிறகு வைரஸ் எங்கே போகிறது? வெளியேறும் தண்ணீரில் வைரஸ் பத்தில் ஒரு பங்காகவோ நூற்றில் ஒரு பங்காகவோ குறைந்திருக்கும். அப்படிக் குறைந்ததில் ஒரு பெரும் பங்கு அழிந்ததல்ல, கசட்டில் ஒட்டிக்கொண்டது. வீட்டைப் பெருக்கினால் குப்பை மறைவதில்லை, முறத்துக்கு வந்து சேருகிறது. நிலையத்தின் முறம் இந்தக் கசடு, அதாவது ஸ்லட்ஜ். வெயிலும் உலர்தலும் காலமும் அதிலுள்ள வைரஸை மெல்ல ஒழிக்கும் என்றாலும், புதுக் கசட்டை அள்ளுகிறவர் அதுவரை காத்திருப்பதில்லை. கண்ட்ரோல் ரூமில் ஏசி போட்டு உட்கார்ந்திருப்பவருக்கும் கசடு அள்ளுபவருக்கும் ஒரே ‘நிலைய ஊழியர்’ என்ற பெயர். ஆபத்தின் அளவில் அவர்கள் வேறு வேறு ஊர்க்காரர்கள். இரண்டாமவர் பெரும்பாலும் ஒப்பந்தக்காரரின் ஆள். தடுப்பூசிப் பதிவேடு என்று ஒன்று இருந்தால், அதில் அவர் பெயர் இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும்.

கோவிடுக்குப் பிறகு சுவர் தவறாமல் சானிடைசர் பாட்டில் மாட்டிவிட்டோம். ஆல்கஹால் கொழுப்பு உறையைக் கரைக்கும். உறையே இல்லாத நோரோவையும் ஹெபடைடிஸ் ஏ-யையும் அது பெரிதாக அசைப்பதில்லை. அவற்றைக் கொல்வது கஷ்டம். ஆனால் சோப்புப் போட்டுத் தேய்த்து ஓடும் தண்ணீரில் காட்டினால் கையை விட்டு வழுக்கிக்கொண்டு போய்விடும். அதனால் ஒரு நிலையத்தைப் பார்க்கப் போகிறவர்கள் இயந்திரங்களின் விலையை விசாரித்த கையோடு இதையும் எண்ணிப் பார்க்கலாம்: ஸ்கிரீனிலிருந்து கை கழுவும் குழாய் எத்தனை அடி? டீக் கேத்தல் எத்தனை அடி? பல இடங்களில் கேத்தல் நடந்து வருகிறது. குழாய் இருந்த இடத்திலேயே இருக்கிறது.